நாலு சென்டிமீட்டர் சரிவு

கூம்பில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும், ஸ்வெட்டர் பின்னும் ஊசி ஒன்றை எடுத்து, மசித்த கேரட்டை இருபத்தைந்து தடவை குத்துகிறார். இருபத்துநாலும் இல்லை, இருபத்தாறும் இல்லை. சத்தம் வராமல் உதடு மட்டும் எண்ணுகிறது. அப்புறம் இரண்டாவது அடுக்கு, அதற்கும் இருபத்தைந்து. மூன்றாவதற்கும் அப்படியே. மேலே பிதுங்கி நிற்பதை ஊசியின் உடம்பால் வழித்துவிட்டு, பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள அந்த எவர்சில்வர் கூம்பின் இரண்டு காதுகளையும் பிடித்து, மூச்சை அடக்கி, நேராக மேலே தூக்குகிறார். ஐந்து விநாடி. கூம்பு போனதும் கேரட் ஒரு கணம் நிற்பதா விழுவதா என்று யோசிக்கிறது. பிறகு தோளைத் தளர்த்திக்கொண்டு தட்டில் உட்காருகிறது. எவ்வளவு உட்கார்ந்தது என்று இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்து எழுதிக்கொள்கிறார்: நாலு சென்டிமீட்டர், ஒரு மில்லிமீட்டர். மேசைக்கு எதிர்ப்புறம் உயர நாற்காலியில், முகவாயில் எச்சில் வழிய உட்கார்ந்திருக்கிறாள் அவருடைய மகள். வயது ஆறு மாதம், நாலு நாள்.

அவர் வேலை பார்ப்பது ஒரு காங்கிரீட் கலவை ஆலையில். ஜல்லியும் மணலும் சிமென்ட்டும் தண்ணீரும் லாரியின் வயிற்றில் சுழன்றுகொண்டே கட்டடம் எழும்பும் இடத்துக்குப் போகும். போவதற்கு முன் அது என்ன பதத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர் அவர். கூம்பில் நிரப்பி, கம்பியால் குத்தி, தூக்கி, சரிவை அளப்பார். அளவு பொருந்தினால் லாரி போகும். பொருந்தாவிட்டால் எந்தப் பெரிய மனிதர் போன் செய்தாலும் நிற்கும். அதே கலவையில் கொஞ்சம் எடுத்துக் கனசதுரக் கட்டிகளாக வார்த்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்பார். ஏழாம் நாள் சிலவற்றையும் இருபத்தெட்டாம் நாள் மீதியையும் இயந்திரத்தில் வைத்து நொறுக்கி, எவ்வளவு பாரம் தாங்கின என்று எழுதுவார். பதினான்கு வருடமாக இதே வேலை. ஆலையில் எல்லோருக்கும் அவர் ‘கியூப் சார்’. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது, அதுவும் தேய்ந்துபோயிற்று.

லீவு நாளிலும் சட்டைப் பையில் அந்த இரும்பு அளவுகோல் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் பேச்சுக்கு நடுவே விரல் முட்டியால் சுவரை இரண்டு தட்டு தட்டுவார். வீட்டுக்காரர் முகம் மாறும். “சார், ஏதாவது...?” என்று இழுப்பார்கள். “ஒண்ணும் இல்ல. பரவால்ல” என்பார். அந்தப் ‘பரவால்ல’யைக் கேட்டவர்கள் அன்று நிம்மதியாகத் தூங்கியதில்லை. அதனாலேயே அவரை யாரும் இரண்டாவது தடவை கூப்பிடுவதில்லை என்று அவர் மனைவி சொல்கிறார். மனைவி டவுன் பஸ் ஓட்டுநர். பேச்சும் பிரேக் போட்ட மாதிரிதான் இருக்கும். வேண்டிய இடத்தில் நிற்கும்.

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்த அன்று சுகாதார நிலையத்தில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். காய்கறியை நன்றாக வேகவைத்து மசிக்கவும்; உப்பு, சர்க்கரை, தேன் வேண்டாம்; ஒரு புது உணவு தந்தால் மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்ததைத் தரவும். இதெல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. நாலாவது வரியில்தான் கால் இடறியது. ‘கெட்டியாகவும் இல்லாமல் தண்ணீராகவும் இல்லாமல், கரண்டியைச் சாய்த்தால் மெல்ல வழுக்கி விழும் பதத்தில் இருக்க வேண்டும்.’

அவர் நர்ஸிடம் திரும்பிப் போனார். “சிஸ்டர், மெல்லன்னா எத்தனை செகண்டு?”

“மெல்லன்னா மெல்ல சார்.”

“கரண்டியை எத்தனை டிகிரி சாய்க்கணும்?”

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “குழந்தைக்கு முன்னாடி நீங்க ரெண்டு வாய் சாப்பிட்டு வந்திருக்கலாம் சார். அடுத்த ஆளை வரச் சொல்லுங்க.”

எண் இல்லாத பதத்தில் ஒரு பொருளைத் தன் கையால் வெளியே விட அவரால் ஆகாது. அது கொழுப்பு இல்லை, உடம்பே ஒத்துக்கொள்ளாது. மறுநாள் ஆலையில் வெல்டரிடம் போய், பெரிய கூம்பில் சரியாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு சின்னக் கூம்பு செய்யச் சொன்னார். துருப்பிடிக்காத தகடு, உள்ளே பற்றவைத்த தழும்பு தெரியக்கூடாது, விளிம்பு முழுக்க அரம் போட்டு மழுக்கியிருக்க வேண்டும்.

“இது எந்தப் பாலத்துக்கு சார்?” என்றார் வெல்டர்.

“பாலம் இல்லப்பா. பொண்ணு.”

வெல்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த ஆலையில் அவரிடம் எதையும் இரண்டாவது தடவை கேட்பதில்லை. பதில் நீளமாக வரும்.

கரண்டியிலிருந்து இரண்டு விநாடியில் வழுக்கி விழும் மசியல், கூம்பில் நாலு சென்டிமீட்டர் சரிகிறது என்று பதினோரு கேரட்டைப் பலிகொடுத்துக் கண்டுபிடித்தார். இரண்டு மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். அதுதான் விதி. சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டியாயிற்று. மொத்தம் ஒன்பது விதிகள். கையை முழங்கை வரை கழுவுவது முதல் விதி. கூம்பைத் தூக்கும்போது பக்கத்தில் யாரும் நடக்கக்கூடாது என்பது நாலாவது. ஆறாவது விதி இது: ‘சோதித்த கலவை வேலைக்குப் போகக்கூடாது.’ ஆலையில் அதுதான் வழக்கம். கூம்பில் குத்துப்பட்டு, தூக்கப்பட்டு, சரிந்துபோன கலவையை மறுபடி யாரும் தூணில் கொட்டுவதில்லை. அதன் உபயோகம் முடிந்தது. தள்ளிவிட வேண்டும்.

அதனால் தினமும் காலை பத்து மணிக்கு, சரிந்த குவியலைத் தட்டோடு எடுத்துப்போய்ப் பூந்தொட்டியில் கொட்டுவார். திரும்பி வந்து, பானையில் மூடி வைத்திருந்த சோதிக்காத மசியலில் அறுபது கிராம் கிண்ணத்தில் எடுத்து, ஆறு கரண்டியாகக் குழந்தைக்கு நீட்டுவார்.

“புள்ளைக்கு ஆறு ஸ்பூனு, செடிக்கு இருநூறு கிராமு” என்றார் மனைவி. “அந்தச் செடி இன்னும் கொஞ்ச நாள்ல தவழ ஆரம்பிச்சிரும்.”

இது போதாதென்று ஐஸ் தட்டில் ஒவ்வொரு நாள் மசியலிலும் ஒரு கட்டி வார்த்து, தேதிச் சீட்டு ஒட்டி உறைய வைத்தார். இருபத்தெட்டு நாள் இருக்கும்; நடுவில் குழந்தைக்கு வயிறு கெட்டால் எந்த நாள் கலவை என்று எடுத்துப் பார்க்கலாம்.

“அவ சாப்பிடவே இல்லையே. அப்புறம் வயிறு எதுக்குங்க கெடும்?” என்றார் மனைவி.

அங்கேதான் இருந்தது சங்கடம். குழந்தை சாப்பிடவில்லை.

கட்டடத்தில் கலவையைப் பார்த்து வாங்கிக்கொள்கிற ஆளை ஆலையில் ‘பார்ட்டி’ என்பார்கள். அவர் குழந்தையையும் அப்படியே சொல்ல ஆரம்பித்திருந்தார். “பார்ட்டி முழிச்சாச்சு.” “பார்ட்டி இன்னிக்கும் வாங்கல.” பெற்ற பெண்ணைப் பார்ட்டி என்கிற மனிதரை இந்த உலகத்தில் தான் ஒருத்திதான் கட்டியிருப்பேன் என்று மனைவி சொல்லிக்கொண்டார். ஆனால் பார்ட்டி நிஜமாகவே வாங்கவில்லை. கேரட் மூன்று நாள். ஆப்பிள் மூன்று நாள். பூசணி மூன்று நாள். ஒன்பது நாளில் ஐம்பத்துநாலு கரண்டி நீட்டியிருக்கிறார். நோட்டில் நிராகரிப்பு மூன்று வகையாகப் பிரித்து எழுதப்பட்டது. அ: வாய் திறக்கவில்லை, முப்பத்தொன்று. ஆ: வாங்கித் திருப்பித் தந்தது, பதினேழு. இ: கரண்டியைப் பிடுங்கி எறிந்தது, ஆறு. கூட்டினால் ஐம்பத்துநாலு வரும். அந்தக் கூட்டல் சரியாக வந்ததில் மட்டும் அவருக்கு ஒரு சின்ன ஆறுதல்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாய்க்கு எட்டியது சுவருக்கும் எட்டியது. உள்ளே எவ்வளவு போயிற்று என்று தெரிய, கழுத்துத் துண்டை முன்னும் பின்னும் எடை போட்டார். ஐந்தாம் நாள் கிண்ணத்தில் குறைந்தது பத்தொன்பது கிராம். துண்டில் பதினாலு, சுவரில் துடைத்தது மூன்று, அவர் சட்டையில் நாலு. கழித்துப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கழித்துப் பார்த்தார்.

“என்னங்க?”

“உள்ள போனது மைனஸ் ரெண்டு கிராம்.”

“அப்ப அவதான் உங்களுக்கு ஊட்டியிருக்கா.”

எச்சிலின் எடையைக் கழிக்க மறந்திருந்தார். மனைவி சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முடித்ததும் முகம் மாறிவிட்டது. சிரிக்கிற விஷயம் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

மனைவியின் பிரசவ லீவு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கள் முதல் அதிகாலை ஐந்திலிருந்து மதியம் ஒன்றுவரை பஸ். அவருக்கு மதியம் இரண்டிலிருந்து இரவு பத்துவரை ஆலை. நடுவில் இருக்கிற ஒரு மணி நேரத்தில் குழந்தை கை மாறும். கணக்கு கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் காலை எட்டு மணி நேரம் வெறும் கப் பாலில் இந்தக் குழந்தை ஓடாது. பாலைக் குடித்த அரைமணியில் அது அவர் விரலைச் சப்பும். ஒன்றும் வராது என்று தெரிந்ததும் ஊரைக் கூட்டும். அதனால் மனைவி ஒரு மாறுதல் மனு எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். கணவருடைய அக்கா ஊரில், அக்கா வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பஸ் டிப்போ. மனைவியும் குழந்தையும் அங்கே, அவர் இங்கே. குறைந்தது ஒரு வருடம். நாலு மணி நேரப் பயணம்; வாரத்துக்கு ஒரு நாள் பார்க்கலாம்.

“எனக்கு மட்டும் ஆசையா?” என்றார் மனைவி. “ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்க கையால ஒரு வாய் வாங்கட்டும். நான் மனுவைக் கிழிச்சுப் போட்டுட்டு இங்கேயே ஓட்டுறேன். வாங்கலன்னா, பாவம் பாக்க முடியாது.”

வியாழக்கிழமை மாலை அக்கா வந்து இறங்கினார். மூன்று பிள்ளைகளை வளர்த்து, மூன்றையும் தன்னைவிட உயரமாக்கியவர். குரலும் அதற்கேற்ற உயரம். வந்த களைப்பில் தானே ஒரு ஜூஸ் கலந்து, ஃப்ரீஸரைத் திறந்து, இரண்டு கட்டி எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பாதி குடித்த பிறகுதான் டம்ளருக்குள் பார்த்தார்.

“ஏண்டா, ஜூஸ்ல பூசணிக்கா மெதக்குது?”

அவர் ஓடி வந்தார். “அக்கா! அது நேத்து சாம்பிள்!”

“துப்பிரட்டுமா?”

“வேண்டாம், குடிச்சிரு. ஆனா வயிறு ஏதாவது பண்ணுச்சுன்னா நேரத்தோட சொல்லு.” நோட்டை எடுத்து எழுதவும் செய்தார்: புதன் கட்டி, அக்கா, ஆறு மணி பத்து நிமிடம்.

“இவன் கையிலயா புள்ளைய விட்டுட்டு பஸ் ஓட்டப் போற?” என்று அக்கா மனைவியைப் பார்த்தார். மனைவி ஃப்ரிட்ஜின் மேலிருந்த மனுவை எடுத்து, அக்காவின் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். ஞாயிறு பதினொன்றரை பஸ்ஸில் அக்கா திரும்புகிறார். மறுநாள் காலை டிப்போவில் அவரே கொடுத்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை சர்க்கரைவள்ளிக்கிழங்கு தொடங்கிற்று. நிராகரிப்பு அறுபது. சனிக்கிழமை காலை மனைவி சீருடை வாங்கிவர டிப்போவுக்குப் போயிருந்தார். பத்து மணிக்கு அவர் கூம்பை எடுத்ததும் அக்கா குழந்தையை உயர நாற்காலியிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“நாற்காலியில ஒக்காத்தி வச்சு ஊட்டுறது என்னடா ஊட்டு? அது என்ன ஆபீஸா?”

“மடியில வச்சா சாய்வு மாறும்க்கா.”

“சாய்வாம். நீ சின்னப் புள்ளையில சாப்பிடும்போது ஒன்னைப் பிடிக்க ரெண்டு பேர் வேணும். ஒருத்தி நானு. போடா, ஒன் வேலையப் பாரு.”

அவர் தம் வேலையைப் பார்த்தார். குத்தினார், வழித்தார், தூக்கினார். கிழங்கு சரிந்தது, நாலு சென்டிமீட்டர், சரியாக. எழுதினார். கொதிநீரில் கிடந்த கரண்டியை எடுக்க அடுப்புப் பக்கம் திரும்பினார். ஒன்பது விநாடி ஆகியிருக்கும்.

திரும்பியபோது குழந்தையின் வலது கை மணிக்கட்டுவரை தட்டில் இருந்தது. அது கையை வெளியே எடுத்து, ஒரு தடவை பார்த்து, முழுக் கையையும் வாய்க்குள் திணித்துக்கொண்டது. மறுபடி தட்டு. மறுபடி வாய். அக்கா அதற்குள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அந்த வீட்டில் அதற்கு முன் நடந்திராத செய்தி.

“அக்கா! அது சோதிச்சது!”

“ஏன், வெஷமா?”

“வெஷம் இல்ல. சோதிச்சது வேலைக்குப் போகக்கூடாது!”

“இது வேலையாடா? வயிறுடா!”

குழந்தை நாலாவது தடவையாகக் கையை நக்கிக்கொண்டிருந்தது. அவர் கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒவ்வொரு நாளும் ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி. அவர் கையெழுத்துத்தான். முதல் நாள்: கூம்பைத் தூக்கியபோது குழந்தை சிரித்தது. இரண்டாம் நாள்: சிரித்தது, தட்டை எடுத்துச் சென்றபோது அழுதது, காரணம் தெரியவில்லை. மூன்றாம் நாள்: அழுதது, காரணம் தெரியவில்லை. பத்து நாளும் அதே. ‘காரணம் தெரியவில்லை’ ஒன்பது தடவை, ஒரே மாதிரி, கோணாமல். கண்ணெதிரே தினமும் ஒரு கோபுரம் எழும்பி, பொத்தென்று உட்காரும். அவள் கையை நீட்டுவதற்குள் அப்பா அதைக் கொண்டுபோய்ச் செடிக்குப் போட்டுவிட்டு, வேறெங்கிருந்தோ எதையோ கரண்டியில் கொண்டுவந்து வாயில் இடிப்பார். அவர் எழுதிவைத்த பத்து நாளையும் அன்றுதான் முதல் தடவையாகப் படித்தார்.

மனைவி சீருடைப் பொட்டலத்தோடு உள்ளே வந்ததும் அக்கா கத்தினார். “புள்ள சாப்பிட்டுச்சு!”

பொட்டலம் கீழே விழுந்தது. “நிஜமாவா அண்ணி? எவ்ளோ?”

“முப்பத்தொரு கிராம்” என்றார் அவர். “அக்கா புடவையில ஒட்டினது தனி. அதை எடை போட முடியல. அதனால தோராயம்னு போட்டிருக்கேன்.” அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உள்ளே போயிற்று.

மனைவியின் கண் கலங்கிவிட்டது. “அப்ப சரி. அப்ப போதும். அந்த மனுவைக் குடுங்க அண்ணி...”

“இல்ல” என்றார் அவர். “கணக்குல வராது.”

“என்னது?”

“நீ சொன்னது என் கையால. இது அவ கையால. நான் அப்ப அடுப்புப் பக்கம் நின்னுட்டிருந்தேன். அக்காதான் சாட்சி.”

குழந்தை சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது.

“நான் சொல்லல?” என்றார் அக்கா. “அவனே ஒத்துக்கிறான். என் தம்பி பொய் சொல்ல மாட்டான். அந்த ஒரு வியாதிதான் அவனுக்கு.”

“ஒரு நிமிஷம் வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?” என்றார் மனைவி, கணவரிடம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிற மனிதரை முதல் தடவையாகப் பார்ப்பவர் மாதிரி அவரைப் பார்த்தார். அவர் மட்டும் என்ன செய்வார்? முப்பத்தொரு கிராமை ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று எழுதப் பேனாவை வைத்தார், பேனா எழுதவில்லை. மை இருந்தது.

அன்று மதியம் ஆலைக்குப் போவதற்கு முன் கதவிலிருந்த ஆறாவது விதிக்குப் பக்கத்தில் எழுதினார்: ‘இந்தப் பார்ட்டிக்குப் பொருந்தாது.’ தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். தன் விதியைத் தானே மாற்றுவதால் சாட்சிக் கையெழுத்துக்கு மனைவியையும் கூப்பிட்டார். அவர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாம் தயார். கிழங்கு வெந்து, மசிந்து, பால் கலந்து, பானையில் மூடியிருந்தது. கூம்பு குழந்தையின் நாற்காலிப் பலகையிலேயே, அவள் கைக்கெட்டும் தூரத்தில். இன்று சோதித்ததுதான் சாப்பாடு. கரண்டி கூட எடுத்து வைக்கவில்லை; சரிந்ததை அவர் கையாலேயே எடுத்து ஊட்டுவதாக ஏற்பாடு. எதிரே அக்கா, பக்கத்தில் கட்டிவைத்த பை. நிலைவாசலில் மனைவி.

ஆனால் கலவை தயாரான நேரத்தில்தானே பார்ட்டிகள் சண்டை போடுவார்கள். மனுவை இன்றைக்கே கொண்டுபோக வேண்டுமா, பதினைந்து நாள் பார்க்கலாமா என்று மனைவி கேட்டார். பதினைந்து நாளில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும் என்றார் அக்கா. வந்தால் வரட்டுமே என்றார் மனைவி. “அப்ப என்னை எதுக்கும்மா வரச் சொன்ன? பூசணிக்கா ஜூஸ் குடிக்கவா?” என்றார் அக்கா. அவர் இருவருக்கும் நடுவில் கூம்பைப் பிடித்தபடி நின்றார். இடையில் பேசி அவருக்குப் பழக்கமில்லை. இருபத்தைந்து நிமிடம் போயிற்று.

கிழங்கின் சுபாவம் கேரட்டுக்கு இல்லை. ஆற ஆற இறுகும். வெயிலில் மாட்டிக்கொண்ட லாரிக் கலவையும் அப்படித்தான். இது அவருக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் அன்று அவர் கவனம் சண்டையில் இருந்தது, கிழங்கில் இல்லை.

ஒருவழியாக நிரப்பினார். குத்தினார். குத்தும்போதே ஊசி கனத்தது. தூக்கினார்.

கிழங்கு நின்றது.

பத்து சென்டிமீட்டர் உயரத்தில், மஞ்சளாக, விளிம்பு கூட மழுங்காமல், வெல்டர் செய்து கொடுத்த மாதிரி நின்றது. சரிவு பூஜ்யம். குழந்தை வழக்கம்போலச் சிரிக்க வாயைத் திறந்து, பாதியில் நிறுத்திக்கொண்டது. கோபுரத்தைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. மறுபடி கோபுரத்தை. கை மேலே எழுந்து அந்தரத்தில் நின்றது. விழாத ஒன்றை என்ன செய்வது என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம். குழந்தையின் கீழுதடு மெல்லப் பிதுங்க ஆரம்பித்தது.

“மணி பத்து முப்பத்தஞ்சு” என்றார் அக்கா. குரலில் கேலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பையின் வாரைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஏதாவது பண்ணுங்க” என்றார் மனைவி, யாரையும் பார்க்காமல்.

பண்ணுவதற்கு ஒன்றுதான் இருந்தது. நிற்கிற கலவையைத் தொடுவது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மேஸ்திரி, சரிவு போதவில்லை என்று தட்டின் ஓரத்தைச் செருப்பால் லேசாக உதைத்தான். அதைப் பார்த்துவிட்டு ஏழு லாரியைத் திருப்பி அனுப்பியவர் அவர். நிற்பது நிற்கட்டும், விழுவது விழட்டும், நாம் பார்த்து எழுதுவோம் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே நேர்மை. பதினான்கு வருடத்தில் ஆயிரக்கணக்கான கூம்புகள். ஒன்றையும் அவர் விரல் தொட்டதில்லை.

குழந்தை அழுகைக்கு மூச்சு இழுத்தது.

அவர் கழுத்தைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு வலது கைச் சுண்டுவிரலை நீட்டி, திருடுகிறவனைப் போல, கோபுரத்தின் உச்சியில் வைத்து ஒரு தள்ளு தள்ளினார்.

பொத்தென்று விழுந்தது. பலகை அதிர்ந்தது. குழந்தை இழுத்த மூச்சை வீல் என்று சிரிப்பாக விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பாய்ந்தது. ஆனால் குவியலைப் பிடிக்கவில்லை. அதில் இன்னும் புதைந்திருந்த சுண்டுவிரலைப் பிடித்தது. இரண்டாவது கணு வரை மஞ்சளாக இருந்த அந்த விரலை இழுத்து வாய்க்குள் வைத்து மூடிக்கொண்டது.

ஈறு அழுந்தியது. உறிஞ்சியது. தொண்டை அசைந்து இறங்கிற்று. ஒரு தடவை. இன்னொரு தடவை. விரலை எடுத்துப் பார்த்து, காலியாக இருக்கவே, அதைப் பிடித்துக் குவியலில் தோய்த்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டது.

“டேய்” என்றார் அக்கா. பை தோளிலிருந்து முழங்கைக்கு வழுக்கிற்று. “இது ஒன் கையாலயா, அவ கையாலயா? எப்படிடா எழுதுவ?”

மனைவி நிலைவாசலைவிட்டு ஓரடி முன்னால் வந்தார்.

அவர் பாதி குனிந்தபடி, முதுகு வலிக்க, அசையாமல் நின்றார். வலது கை மகளின் வாயில் இருந்தது. இடது கையை மட்டும் மெல்ல உயர்த்தி, உள்ளங்கையை இருவர் பக்கமும் காட்டினார்: யாரும் நடக்காதீங்க, தரை அதிரும்.